தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படியுங்கள்: நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நிறுவனத்தின் இணையதளத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம், யார் பொறுப்பில் விடலாம், புதிய வசதியை எந்தத் தேதியில் வெளியிடலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அந்தத் தளம் விழுந்தால் நடு இரவில் போனை எடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விழுந்த பிறகு எழுதினால் நீங்கள் படிக்கப் போவதில்லை. அப்போது உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: "எப்போ சரியாகும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதன் விடை பெரும்பாலும் அன்றைய இரவில் எங்கள் கையில் இருப்பதில்லை. பல மாதங்களுக்கு முன் நீங்கள் ஒப்புதல் கொடுத்த, அல்லது "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று ஒதுக்கிவைத்த கோரிக்கைகளில் இருக்கிறது. தளம் விழுவதை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது. விழுந்தது பத்து நிமிடத்தில் எழுமா, பத்து மணி நேரம் கிடக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். தீர்மானிக்கிறவர்கள் நாங்கள் அல்ல, நீங்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தளம் விழுந்ததும் அழைப்பில் எழும் முதல் குரல் எப்போதும் ஒன்றுதான்: "யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" தாக்குதல்கள் நடப்பதில்லை என்று சொல்லமாட்டேன். 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் (தளத்தின் பெயரை அதன் சர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைதான் டிஎன்எஸ்) மீது நடந்த தாக்குதலில் எத்தனையோ பெரிய தளங்கள் சேர்ந்து விழுந்தன. ஆனால் அன்றாடம் நாங்கள் பார்க்கும் விபத்துகளில் குற்றவாளி வெளியில் இருப்பது அபூர்வம். நாமே எதையோ மாற்றியிருப்போம்.

ஏராளமான தளங்களுக்கு முன்னால் நின்று போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சேவை 2025 நவம்பர் 18 அன்று விழுந்தபோது, அங்கிருந்த பொறியாளர்களே முதலில் இது பெரிய தாக்குதல் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். சேவை ஓடுகிறதா என்று காட்டும், வேறிடத்தில் இயங்கும் அவர்களுடைய நிலவரப் பக்கமும் தற்செயலாக அதே நேரத்தில் திறக்காமல் போனது. சந்தேகம் இன்னும் வலுத்தது. கடைசியில் பார்த்தால், தரவுத்தளம் ஒன்றில் அனுமதி அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். அதனால் தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் ஒரு வினவல் ஒரே தகவலை இரண்டிரண்டு முறை திருப்பித் தந்திருக்கிறது. அதை வைத்து உருவாகும் கோப்பு இரு மடங்காகப் பெருத்து, அதைப் படிக்கும் மென்பொருளின் உச்சவரம்பைத் தாண்டியதும் மென்பொருள் சரிந்துவிட்டது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே காணாமல் போனதற்கும் காரணம் வழக்கமான பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்தது, அது தடுக்கவில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் சுமார் நான்கு மணி நேரம் தடுமாறியது. சில சர்வர்களை மட்டும் விலக்கத் தட்டிய கட்டளையில் ஒரு விவரம் தப்பாகிப்போய், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகிவிட்டன.

அதனால்தான் நாங்கள் "யார் செய்தது?" என்று ஆரம்பிப்பதில்லை. "கடைசியாக என்ன மாற்றினோம்?" என்று ஆரம்பிக்கிறோம். விடை கிடைத்தால் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறோம். காரணத்தைப் பிறகு சாவகாசமாக ஆராயலாம், முதலில் தளம் எழ வேண்டும். இங்கேதான் உங்களிடம் முதல் கோரிக்கை. திரும்பப் பெறும் அதிகாரத்தை, அந்த நேரத்தில் விழித்திருக்கிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள். நான் பார்த்த ஓரிடத்தில், பழைய பதிப்புக்குத் திரும்ப மூன்று மேலாளர்களின் ஒப்புதல் மின்னஞ்சலில் வர வேண்டும் என்று விதி. ஒருவர் விமானத்தில் இருந்தார். என்ன தவறு என்று எல்லோருக்கும் தெரியும், எப்படிச் சரிசெய்வது என்றும் தெரியும். விமானம் தரையிறங்கும்வரை தளம் விழுந்தே கிடந்தது. புதியதை வெளியிட எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் கேளுங்கள். பழையதற்குத் திரும்ப ஒன்றுகூடக் கேட்காதீர்கள்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நிரல்களைத் திரும்பப் பெறுவது சுலபம், தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றியிருந்தால் சுலபமில்லை. தரவு அட்டவணையில் ஒரு பத்தியின், அதாவது நெடுவரிசையின், பெயரை மாற்றிவிட்டுப் பழைய நிரலை ஏற்றினால், அது பழைய பெயரைத் தேடி முட்டி நிற்கும். இதற்குத் தீர்வு உண்டு. முதல் வெளியீட்டில் புதிய பத்தியைச் சேர்த்து இரண்டிலும் எழுதுவது. சில நாள் கழித்து, எல்லாம் சரியென்று தெரிந்ததும், அடுத்த வெளியீட்டில் பழையதை நீக்குவது. ஒரே வேலையை இரண்டு தடவையில் செய்வதால் கூடுதல் நாட்கள் ஆகும். உங்கள் டெவலப்பர் அந்த நாட்களைக் கேட்கும்போது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கேட்பது திரும்பி வருவதற்கான கதவை.

சரி, பழுது பார்ப்பது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். எங்களுக்கு வரும் செய்தி வழக்கமாக "சைட் ஓப்பன் ஆகல" என்று ஒற்றை வரியில் இருக்கும். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, திரையில் என்ன எழுதியிருக்கிறது, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தாலும் அப்படியேதானா என்ற நான்கும் சேர்ந்து வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிழைச் செய்தியே பழுது எங்கே என்று பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று உலாவி சொன்னால் டிஎன்எஸ் அல்லது டொமைன் (தளத்தின் பெயர்ப் பதிவு) பக்கம் பார்க்க வேண்டும், சர்வரைத் தொடத் தேவையில்லை. இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால் பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அதில் பதில் சொல்ல வேண்டிய மென்பொருள்தான் நின்றுவிட்டது. வெகுநேரம் சுற்றிச் சுற்றி நேரம் கடந்துவிட்டது என்று வந்தால் பாதுகாப்புத் தடுப்பான ஃபயர்வால் வழியை அடைத்திருக்கலாம், அல்லது இயந்திரமோ நடுவிலுள்ள வலையமைப்போ போயிருக்கலாம். 502 என்றால் முன்னால் நிற்கும் வெப் சர்வர் நன்றாக இருக்கிறது, பின்னாலிருந்து தளத்தின் உண்மையான வேலையைச் செய்யும் மென்பொருளான செயலியிடமிருந்து அதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. 504 என்றால் பெரும்பாலும் செயலி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் எதற்காகவோ காத்துக்கிடக்கிறது. முக்கால்வாசி நேரம் தரவுத்தளத்துக்காக. 503 என்றால் இப்போது ஏற்க முடியாது என்று சர்வரே கைவிரிக்கிறது. 500 என்றால் செயலிக்குள்ளேயே ஏதோ உடைந்திருக்கிறது, நடந்ததைச் சர்வர் எழுதிவைக்கும் பதிவான லாகைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

எப்போதும் இவ்வளவு நேராக இருக்காது. ஒரு இரவு வந்த புகார்: பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன, ஆனால் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. கடவுச்சொல் சரி என்கிறது, அடுத்த நொடி மறுபடி லாகின் பக்கத்துக்கே தள்ளிவிடுகிறது. மானிட்டரிங் பலகை முழுக்கப் பச்சை. முகப்புப் பக்கம் வேகமாக வருகிறது, ஏனென்றால் அது முன்பே எடுத்து வைத்த நகலான கேஷிலிருந்து வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. லாகின் செய்தவரின் அமர்வுத் தகவலை, அதாவது இவர் உள்ளே வந்துவிட்டார் என்ற குறிப்பை, எழுதி வைக்க ஒரு பைட் இடம்கூட இல்லை. எழுத முடியாததால் அடுத்த கோரிக்கையில் சர்வருக்கு அவரை அடையாளமே தெரியவில்லை.

எது அடைத்தது என்று தேடினால் மலை போல ஒரு லாக் கோப்பு. கூட இருந்தவர் அதை அழித்தார். டிஸ்க் அப்போதும் 100 சதவீதம்! லினக்ஸ் இயங்குதளத்தில் இது அடிக்கடி ஆளைக் குழப்பும் இடம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் ஒரு கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், அதை நீங்கள் அழித்தாலும் பெயர்தான் பட்டியலிலிருந்து மறையும், இடம் திரும்பி வராது. அந்த மென்பொருள் பிடியை விட வேண்டும். கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்திருந்தால் உடனே இடம் கிடைத்திருக்கும். அந்த ஒரு சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பியது, லாகினும் வந்துவிட்டது.

இதில் உங்கள் பங்கு எங்கே என்றால், அந்த லாக் அப்படி வீங்கியதற்குக் காரணம், சோதனைக்காக விரிவான பதிவை யாரோ திறந்துவிட்டு மூட மறந்தது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, மனிதர்கள் மறப்பார்கள். லாக்குகளைச் சுழற்சி முறையில் வெட்டி ஒதுக்குவது, டிஸ்க் 80 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை அனுப்புவது என்ற இரண்டு சின்ன வேலைகளையும் கேட்டு எழுதிய கோரிக்கை ஏற்கனவே பட்டியலில் இருந்தது. புதிய வசதிகள் முந்திக்கொண்டே போனதால் அது பல மாதம் அடியிலேயே கிடந்தது.

அப்புறம், "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்ற கேள்வி. பலமுறை அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் தடயமும் சேர்ந்து போகும். அந்த நேரத்தில் எந்தெந்த மென்பொருள் ஓடியது, எத்தனை இணைப்புகள் திறந்திருந்தன, நினைவகம் யாரிடம் இருந்தது எல்லாம் அழிந்துவிடும். இரண்டு நிமிடம் பொறுத்தால் அவற்றைப் பிடித்து வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால்தான் தளம் ஓடுகிறது என்றால் நோய் அப்படியே இருக்கிறது, நாம் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பமே தேவைப்படாத விபத்து ஒன்று உண்டு. டொமைன் காலாவதி. இதுபோல வெட்கக்கேடானது வேறில்லை, இதுபோலத் தவிர்க்கச் சுலபமானதும் வேறில்லை. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட் டாட் காம் என்ற தன் டொமைனைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் பயனர்கள் உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிரலாளர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நடந்தது.

பொதுவாக இது எப்படி நடக்கிறது தெரியுமா? தளம் தொடங்கிய காலத்தில் யாரோ ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கார்டில் டொமைனைப் பதிவு செய்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், கார்டும் காலாவதியாகியிருக்கும். நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். இதைவிட நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. டொமைனைப் பதிவு செய்து தந்த பதிவாளரிடம் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருக்கும். டொமைன் நின்றதும் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். கடவுச்சொல்லை மாற்ற வரும் கடிதமும் அந்தச் செத்த முகவரிக்கே போகும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். டாட் காம் போன்ற டொமைன்களில் பதிவு நீக்கப்பட்ட பிறகும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு, கட்டணம் பல மடங்காக இருக்கும். ஆனால் உங்கள் தளம் அதற்கு வெகுமுன்பே நின்றிருக்கும். ஆகவே டொமைன் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். தொடர்பு முகவரி வேறொரு டொமைனில் இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேருக்கு அணுகல் இருக்கட்டும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள், இதில் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

சான்றிதழ் விஷயம் இதன் தம்பி. இது உண்மையான தளம்தான் என்று உலாவிக்கு உறுதிசெய்யும் கோப்பைத்தான் சொல்கிறேன். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் நின்றதற்குக் காரணம் ஒரு சான்றிதழ் காலாவதியானது. வருடத்துக்கு ஒருமுறை யாராவது நினைவு வைத்துக் கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 398 நாள் வரை இருந்த உச்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் முடிவு செய்துவிட்டார்கள். 47 நாளுக்கு ஒருமுறை கையால் செய்கிற வேலை என்றாவது ஒருநாள் விட்டுப்போகும். தானியங்கியாக்கித்தான் ஆக வேண்டும். தானியங்கியாக்கினாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. புதிய சான்றிதழ் சரியாக வந்து டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும், ஆனால் வெப் சர்வர் பழையதையே நினைவகத்தில் வைத்து நீட்டிக்கொண்டிருக்கும், யாரும் அதை மீண்டும் படிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் டிஸ்க்கிலுள்ள கோப்பைச் சோதிக்காமல், வெளியிலிருந்து தளத்தை அணுகி அது காட்டும் சான்றிதழின் தேதியைச் சோதிக்க வேண்டும். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களும் 2025 ஜூனோடு நின்றுவிட்டன. அவற்றை நம்பியிருந்தவர்கள் இன்னும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசிக்கிறேன்.

இப்போது பேக்கப். நிர்வாகக் கூட்டங்களில் "பேக்கப் இருக்கா?" என்று கேட்கிறீர்கள், "இருக்கு சார்" என்கிறோம், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் இரவு வேலையில் இருந்த ஒரு பொறியாளர், துணைத் தரவுத்தளத்தில் அழிப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப் எடுப்போம் என்று போனார்கள். அவர்களிடம் ஒன்றுக்கு ஐந்து முறைகள் இருந்தன. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று போக வேண்டிய மின்னஞ்சல்களும் சரியாகக் கையொப்பமிடப்படாததால் பெறுநர் சர்வரில் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. யாருக்கும் தெரியாது. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாகக் கையால் எடுத்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் எழுதிய தரவு போனது போனதுதான்.

ஆகவே "பேக்கப் இருக்கா?" என்று இனிக் கேட்காதீர்கள். "கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது?" என்று கேளுங்கள். எங்களில் பலர் விழிப்போம். அந்த விழிப்பு நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெற்று சர்வர் ஒன்றில் முழுவதையும் மீட்டுப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கினால், உங்கள் "எப்போ சரியாகும்?" என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் துல்லியமான பதில் எங்களிடம் இருக்கும். பேக்கப் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முழுக்க எரிந்தது. தளமும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டுமே இல்லாமல் போயின. கிளவுடில் இருக்கிறது என்றால் எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள்.

கூட்டம் கூடும் நாள் பற்றிச் சுருக்கமாக. தேர்வு முடிவோ டிக்கெட் விற்பனையோ வருகிறதென்றால் உடனே "பெரிய சர்வர் வாங்கிடலாம்" என்கிறீர்கள். பெரிய சர்வர் வாங்கியும் விழும். ஏனென்றால் இடுக்கு பெரும்பாலும் தரவுத்தள இணைப்புகளில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயல்பாக வைத்திருக்கும் உச்சவரம்பு 100 இணைப்புகள்தான். செயலி சர்வர்களைக் கூட்டக் கூட்ட அந்த நூறுக்கு அடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகமாவார்கள். பக்கம் வரவில்லையென்றால் மக்கள் சும்மா இருப்பார்களா? ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருப்பார்கள். மொபைல் செயலியும் தன் பங்குக்குத் தானாகவே மறுபடி மறுபடி முயலும். ஒரு ஆள் பத்து ஆளாவார். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் பக்கங்களை முன்பே தயாரித்து, தரவுத்தளத்தைக் கேட்காமலே தரக்கூடிய நிலைக்கோப்பாக வைப்பது, தாங்காத அளவு வந்தால் வரிசையில் நிறுத்துவது, தோற்ற கோரிக்கை சற்று இடைவெளி விட்டு, அந்த இடைவெளியையும் கூட்டிக்கொண்டே போய் முயல்வது என்று பணம் அதிகம் கேட்காத வழிகள் இருக்கின்றன. அவை கேட்பது நேரம். விற்பனை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது சொன்னால் எதுவும் செய்ய முடியாது.

ஒப்பந்தத்தில் வரும் 99.9 சதவீதம் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் தளம் விழுந்திருக்கலாம் என்று பொருள். உங்கள் தளம் ஹோஸ்டிங், டிஎன்எஸ், பணம் செலுத்தும் சேவை, குறுஞ்செய்தி அனுப்பும் சேவை, லாகின் சேவை என்று ஐந்தை நம்பியிருக்கிறது, ஒவ்வொன்றும் 99.9 தருகிறது, ஐந்தில் எது போனாலும் தளம் போகும் என்றால், மொத்தத்தில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 99.5. வருடத்துக்கு ஏறக்குறைய 44 மணி நேரம். இதற்கெல்லாம் நஷ்ட ஈடு உண்டே என்பீர்கள். ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். விற்பனை போனதை யாரும் தரமாட்டார்கள். அதனால் குறுஞ்செய்திச் சேவை போனால் தளமே நிற்க வேண்டுமா, அந்த ஒரு வசதி மட்டும் ஒதுங்கிக்கொண்டால் போதாதா என்று ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். அது வணிக முடிவு. நாங்களாக எடுக்க முடியாது.

விழுந்திருக்கும் நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. எங்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு ஆளை நிறுத்துங்கள். பழுது பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் ஒருவர், வெளியே தகவல் சொல்பவர் ஒருவர் என்று பிரிந்திருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு பேர் தனித்தனியாக அழைத்துக் கேட்டால், பழுது பார்க்க வேண்டியவர் பதில் சொல்லியே இரவைக் கழிப்பார். வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதிலும் தயங்காதீர்கள். "பிரச்சினை இருக்கிறது, தெரியும், பார்த்துக்கொண்டிருக்கிறோம், அரை மணியில் மீண்டும் சொல்கிறோம்" என்றால் போதும். அதைச் சொல்லும் பக்கம் தளம் இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. 2017-இல் எஸ்3 விழுந்தபோது அமேசானால் தன் நிலவரப் பலகையைச் சிறிது நேரம் மாற்றவே முடியவில்லை, அந்தப் பலகையே எஸ்3-ஐ நம்பியிருந்தது. ஃபேஸ்புக் சம்பவத்தில் ஊழியர்களின் உள் கருவிகளும் சேர்ந்தே நின்றன, தரவு மையங்களுக்குள் போய் இயந்திரத்தைத் தொடவே தாமதமானது. உங்கள் குழுவின் தொலைபேசி எண்களும் அவசரக் குறிப்புகளும் அதே சர்வரில்தான் இருக்கின்றனவா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காகிதத்தில் அச்சடித்து வைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

எழுந்த பிறகு நடக்கும் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த விபத்தின் நீளம் அங்கேதான் தீர்மானமாகிறது. "யார் பொறுப்பு?" என்று தொடங்கி ஒரு பெயரோடு முடிந்தால், அடுத்த முறை தவறான கட்டளையைத் தட்டியவர் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் தானே சரிசெய்யப் பார்ப்பார். அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது. கிட்லேப் அன்று செய்ததைப் பாருங்கள். மீட்புப் பணியை நேரலையில் காட்டினார்கள், என்னென்ன தோற்றது என்று ஒன்றுவிடாமல் எழுதி வெளியிட்டார்கள், அறிக்கையில் அழித்தவரின் பெயர் "குழு உறுப்பினர் 1". அவர் ஏன் எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று குழம்பினார், தவறான இடத்தில் ஏன் அந்தக் கட்டளை தடையில்லாமல் ஓடியது என்று கேட்டால் சரிசெய்ய ஏதாவது கிடைக்கும். கவனக்குறைவு என்று எழுதி மூடினால் சரிசெய்ய ஒன்றும் இருக்காது.

எச்சரிக்கை அமைப்பு பற்றியும் அந்தக் கூட்டத்திலேயே பேசுங்கள். முகப்புப் பக்கம் 200 (எல்லாம் சரி) என்று பதில் தந்தால் போதும் என்று வைத்திருக்கும் கண்காணிப்பு, வெற்றுத் திரை வந்தாலும் பச்சைதான் காட்டும். பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சோதனைக் கணக்கு நிமிடத்துக்கு ஒருமுறை உண்மையாகவே லாகின் செய்து பார்க்க வேண்டும். அதுவும் உங்கள் வலையமைப்புக்கு வெளியிலிருந்து. மறுபக்கம், எதற்கெடுத்தாலும் ஒலிக்கும் எச்சரிக்கைகளை வெட்டித் தள்ளுங்கள். இரவில் வந்த அலர்ட்டுக்கு எழுந்தவர் செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்த அலர்ட் காலையில் வந்திருக்கலாம். தூங்கவிடாமல் அடிக்கும் போனை மனிதன் ஒருநாள் ஊமையாக்கிவிடுவான், அன்றைக்குத்தான் நிஜமான அழைப்பு வரும். இரவுப் பொறுப்பை ஒரே ஆளின் தலையில் கட்டாதீர்கள். முறை வைத்து மாற்றுங்கள், அதற்கு ஊதியம் கொடுங்கள், விடியவிடிய விழித்தவரை மறுநாள் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியதாக மூன்றை மட்டும் கேட்கிறேன். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதிவரை இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்க ஒரு தேதி குறித்து, அந்த நாளில் வேறு வேலை எதையும் வைக்காதீர்கள். இரவுப் பொறுப்பில் இருப்பவர் யாரையும் கேட்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்று இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், எங்கள் மேலாளருக்கும் ஒரு நகல் போட்டு. மூன்றாவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதையே முதலில் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பொறுப்பில் இருக்கும் ஒரு சர்வர் பராமரிப்பாளன்